துருத்தியும் துளைப்பொறியும்

சென்ற கோடையில் கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு கருங்கல் குவாரிக்குச் சென்றிருந்தேன். டிராக்டரின் பின்னே பூட்டிய கம்ப்ரசர் ஒன்று அதிர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து நீண்ட ரப்பர் குழாயின் முனையில் ஒருவர் துளைப்பொறியை அழுத்திப் பிடித்துப் பாறையைக் குடைந்தார். அக்குழாயில் ஓடியது மின்சாரமன்று, வெறும் காற்று!

காற்றுக்கு இத்துணை வலிமை எங்ஙனம் வந்தது? நேயர்களே, கொல்லன் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். விரியும்போது காற்றை உள்ளிழுக்கும்; அமுங்கும்போது உலைக்குள் தள்ளும். (இம்மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்காலத் தடயத்துக்குக் கி.மு. 2172 என்ற காலம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. இரும்புத் தொழில் இம்மண்ணுக்குப் புதிதன்று.) கம்ப்ரசரில் தோலுக்குப் பதில் இரும்பு உருளை, கைக்குப் பதில் பிஸ்டன். பிஸ்டன் பின்வாங்க, ஒரு வால்வு திறந்து காற்று நுழையும். முன்னேற, அவ்வால்வு மூடிக் காற்று நெருக்குண்ணும். தொட்டியிலுள்ள அழுத்தத்தை மிஞ்சியதும் மறு வால்வைத் தள்ளிக்கொண்டு தொட்டியில் புகும்.

சைக்கிள் பம்பின் அடி சுடுவதை அறிவீர்களல்லவா? காற்றை ஒரே மூச்சில் எட்டு மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால் வெப்பம் 200 பாகையையும் தாண்டிவிடும். ஆகவே ஓர் உருளையில் ஓரளவு அமுக்கி, இடையில் குளிரவைத்து, அடுத்த உருளையில் மீண்டும் அமுக்குவர். இதனால் ஆற்றலும் மிச்சம்.

ஆல்ப்ஸ் மலையில் 1857-இல் தொடங்கி 1871-இல் திறக்கப்பட்ட மோன் செனி சுரங்கப்பாதையில் இம்முறை பெரும் புகழ் பெற்றது. நீராவி எந்திரத்தை உள்ளே கொண்டுபோனால் புகையில் ஆட்கள் மூச்சுத் திணறுவர். காற்றோ வேலை முடிந்தபின் சுவாசத்துக்கும் உதவும்.

அத்துளைப்பொறி நம் எல்லைக்கு அப்பால் கோலார் தங்கச் சுரங்கத்துக்கும் வந்தது. அங்கே பாறையைக் குடைந்தோருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். அந்நாளில் கிருஷ்ணகிரியும் சேலத்தைச் சேர்ந்ததே. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழியே மின்சாரம் வந்து சேர்ந்தது. சுரங்கம் 3 கிலோமீட்டர் ஆழத்தையும் கடந்து, 2001-இல் மூடப்பட்டது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் இன்று வண்ணம் தெளிப்பதும் திருகாணி முடுக்குவதும் அதே அமுக்கிய காற்றுத்தான்.

ஆனால் பொறி வேகமாகக் குடையக் குடையப் பாறைத்தூள் பெருகிற்று. நுரையீரலை இறுகச் செய்யும் சிலிக்கோசிஸ் நோயைக் குறித்துக் கோலார்த் தொழிலாளரிடையே 1940-களில் ஆய்வு நடந்தது. துளையில் நீர் பாய்ச்சிக்கொண்டே குடைந்தால் தூசி பெரிதும் அடங்கும். நான் குவாரியில் கண்டவர் முகத்தில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். காற்றுக் குழாய் இருந்தது, நீர்க்குழாய் இல்லை.