கடல் கடந்த வாசகருக்கு மட்டும் கட்டணம்

1996 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தன் இணையப் பதிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவில் இருந்தவர்கள் பெயரைப் பதிந்துவிட்டு இலவசமாகப் படித்தார்கள். வெளிநாட்டில் இருந்தவர்களிடம் மாதம் 35 டாலர் கேட்டார்கள். இணையத்தில் செய்தி அனுப்பக் கப்பல் கூலியும் இல்லை, தபால்தலையும் இல்லை. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

விளம்பரத்தைப் பார்த்தால் புரியும். 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் என்ற இணைய இதழ் ஏடி அண்ட் டி போன்ற நிறுவனங்களின் பட்டை விளம்பரங்களை வெளியிட்டது. காசு கொடுக்காத வாசகரின் பார்வையையும் விற்கலாம் என்று ஆனது. ஆனால் அமெரிக்கக் கடைக்காரருக்குக் கொழும்பிலோ கோலாலம்பூரிலோ இருப்பவரின் பார்வையால் என்ன பயன்? விற்க முடியாத வாசகர் தாமே பணம் கட்ட வேண்டியிருந்தது. 1997இல் அந்தக் கட்டணம் நீங்கியது.

வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 1996இலேயே எல்லோரிடமும் ஆண்டுக்கு 49 டாலர் வாங்கியது. அச்சிதழ்ச் சந்தாதாரருக்கு 29. வணிகச் செய்தி தொழிலுக்கு உதவியதால் வாசகர்கள் கொடுத்தார்கள். ஸ்லேட் இதழ் 1998இல் ஆண்டுக்கு 19.95 டாலர் சந்தா வைத்து, அடுத்த ஆண்டே கைவிட்டது. கருத்துக் கட்டுரைகள் வேறு இடங்களில் சும்மா கிடைத்தன.

2011இல் டைம்ஸ், மாதம் 20 கட்டுரைகளுக்கு மேல் படிப்பவர்களிடம் சந்தா கேட்டது. இம்முறை உள்நாட்டாரும் தப்பவில்லை.

நாம் பல நாடுகளில் சிதறிக் கிடக்கிறோம். எந்த ஊர்க் கடைக்காரரும் நம்மைத் தேடி விளம்பரம் தரப்போவதில்லை. நம் இதழ்கள் நிலைக்க வேண்டுமென்றால் நாம்தான் சந்தா கட்ட வேண்டும்.