ஆத்தங்குடிக் கல்லின் வயது

செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் நண்பரொருவருக்குப் பூர்வீக வீடு இருக்கிறது. அதன் வளவில் நாற்பது தளக்கற்கள் உடைந்துவிட்டன. பழைய தளம் முழுவதையும் பெயர்த்தெறிந்துவிட்டு விட்ரிஃபைடு டைல்ஸ் பதித்துவிடலாம் என்பது பங்காளிகளின் கருத்து. நண்பருக்கு மனம் ஒப்பவில்லை. 'இது ஐந்நூறு ஆண்டுப் பாரம்பரியம்' என்று வாதிட்டிருக்கிறார். எடுபடாமற்போகவே எங்களிடம் வந்தார். வரலாற்று ஆர்வலர்கள் என்று பெயரெடுத்துவிட்டால் இத்தகைய வழக்குகளும் வந்து சேரும்!

துரதிர்ஷ்டவசமாக, முதலில் நண்பரின் வாதத்தைத்தான் நாங்கள் மறுக்க வேண்டியிருந்தது. ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றதே 1824இல்தான். பார்சிலோனா நிறுவனமொன்று வண்ணப் பூவேலை கொண்ட சிமெண்டுத் தளக்கற்களைப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தது 1867இல். இந்தியாவில் 1904இல் சென்னையில் சிமெண்டு செய்யும் முயற்சி நடந்தது. 1914இல் போர்பந்தரில் தொழில் வேரூன்றியது. ஆகவே, சிமெண்டுக் கல்லுக்கு ஐந்நூறு ஆண்டுகள் என்பது பொருந்தாக் கணக்கு. அதற்கு முன் நம் வீடுகளில் இருந்தவை சாணம் மெழுகிய மண்தரையும், சுண்ணாம்புச் சாந்தும், செங்கல்லும், கருங்கற் பலகையும்தாம்.

வயது குறைந்ததனால் மதிப்புக் குறைந்துவிடுமா? ஆத்தங்குடிக்கே சென்று பட்டறையொன்றில் அரைநாள் நின்று பார்த்த பிறகு அக்கவலை எங்களுக்கு நீங்கியது.

அங்கே சூளை இல்லை. சதுரமான கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்துகிறார்கள். அதனுள் பூவின் வடிவுக்கேற்ப அறைகள் பிரித்த அச்சை இறக்கி, ஒவ்வோர் அறையிலும் ஒரு வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை மெல்ல உயர்த்தி எடுத்துவிட வேண்டும். வண்ணங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும், ஆனால் கலந்துவிடா. அந்த ஒரு நொடியில்தான் கைத்திறன் அத்தனையும் இருக்கிறது. அதன்மேல் உள்ளூர் மணலும் சிமெண்டும் கலந்த உலர்கலவையைத் தூவி, ஈரச் சாந்தை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். கல் இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறும், பின்னர் உலரும். உலர்ந்தபின் கண்ணாடி தானே விலகிக்கொள்ள, அதன் வழவழப்புக் கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. மெருகூட்ட இயந்திரம் எதுவுமில்லை. பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் கண்ணாடியைத் தட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

நகரத்தார் வீடுகளின் செல்வம் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் நடந்த கொடுக்கல் வாங்கலில் ஈட்டப்பட்டது. தூண்களுக்குப் பர்மாத் தேக்கு வந்தது; பட்டாலைக்கு இத்தாலியப் பளிங்கு வந்தது; சுவருக்குப் பெல்ஜியக் கண்ணாடி வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே அப்பெருவாழ்வு முறிந்தது. இன்று அவ்வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. அதே தேக்கில் அதே பருமனில் புதிதாய் ஒரு தூண் செய்ய எவராலும் இயலாது. தளக்கல்லின் நிலை வேறு. உடைந்த கல்லுக்கு மாற்று, அடுத்த ஊர்ப் பட்டறையில் இன்றும் உருவாகிறது. கப்பலில் வந்தவற்றுக்கெல்லாம் இல்லாத இந்த வசதி, பக்கத்து ஊரில் பிறந்த கல்லுக்கு இருக்கிறது. பங்காளிகளிடம் சொல்லவேண்டிய வாதம் இதுதான் என்று நண்பரிடம் கூறினோம். நாற்பது கல் போனால் நாற்பது கல் மட்டும் போட்டால் போதும்.

புது வீடு கட்டும் வாசகர்களுக்காக மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். புளியும் எலுமிச்சையும் சிந்தும் சமையலறைக்கு இக்கல் ஏற்றதன்று. புளிப்பு சிமெண்டை அரித்துக் கறையாக்கும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் பூவே மங்கிவிடும். வண்ணப் படலம் மெல்லியதாகையால் இயந்திரம் கொண்டு இழைக்கவும் வழியில்லை. தினமும் ஈரத்துணியால் துடைத்து, அவ்வப்போது தேங்காயெண்ணெய் சில துளிகள் விட்டுத் தேய்த்தால் பளபளக்கும். ஆள் நடமாடும் வீட்டில் கால்பட்டு மெருகேறும் தளமே, பூட்டிக்கிடக்கும் வீட்டில் தூசியேறிக் களையிழந்து கிடக்கிறது. நண்பரின் வளவிலும் அதையே கண்டோம்: கதவோரம் மினுமினுப்பு, மூலைகளில் சாம்பல் நிறம்.

உடையாத கல் ஒன்றைப் பெயர்த்துப் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம். அதன் அளவுக்கு இப்போது சட்டம் இல்லையாம். புதிதாய் அடிக்க வேண்டும் என்றார் பட்டறைக்காரர். பூவின் அச்சு மட்டும் அவரிடம் இருந்தது. நண்பர் ஐம்பது கற்களுக்கு முன்பணம் கொடுத்தார். பத்து எதற்கு என்று கேட்டோம். அடுத்த தலைமுறையிலும் யாராவது உடைப்பார்கள் என்றார்.