நிகழ்வு ஒளிப்படக் கலைஞரின் தன்விவரக் குறிப்பு: பழவேற்காட்டு மீனவ ஊர்களை முன்வைத்து

திருமணம், திருவிழா, கருத்தரங்கு, அரசு விழா போன்றவற்றைத் தனித்தொழிலாகப் படமெடுப்பவர், தம் வேலையையும் திறனையும் ஓரிரு பக்கங்களில் எழுதி வாய்ப்புத் தருவோரிடம் அளிக்கும் ஆவணமே நிகழ்வு ஒளிப்படக் கலைஞரின் தன்விவரக் குறிப்பு. வழக்கில் பயோடேட்டா என்றும் ரெஸ்யூம் என்றும் சொல்வார்கள். மாதச் சம்பளக்காரரின் குறிப்பில் எந்த நிறுவனத்தில் எத்தனை ஆண்டு என்பது முதலில் வரும். தனித்தொழில் செய்பவர் எந்த நிகழ்வில் என்ன பொறுப்பேற்றார், எதை எப்போது ஒப்படைத்தார் என்பதைச் சொல்ல வேண்டும். திருவள்ளூர் மாவட்டப் பழவேற்காட்டு ஏரியோர மீனவ ஊர்களில் இத்தொழில் செய்யும் இளைஞர்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

லியொனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதிய வேலைக் கடிதத்தைத் தன்விவரக் குறிப்பின் முன்னோடியாகப் பலர் காட்டுவர். அதில் பாலம், முற்றுகைக் கருவி, போர் வண்டி என ஆட்சியாளருக்குத் தேவைப்பட்டவை வரிசையாக வருகின்றன. ஓவியத் திறன் கடைசியில்தான் இடம்பெறுகிறது. பெறுபவரின் தேவையை முன்னே வைக்கும் அந்த வரிசை இன்றும் பயன்படும் பாடம்.

சென்னையில் ஒளிப்படச் சங்கம் 1857இலேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் தமிழகத்துச் சிற்றூர்களில் ஸ்டுடியோக்காரர்களுக்கு வேலை வந்தது பெரும்பாலும் வாய்வழிப் பரிந்துரையால்தான். ஒரு வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து அடுத்த வீட்டார் அழைப்பார்கள். தொண்டு நிறுவனம், பல்கலைக்கழகம், பத்திரிகை, நிகழ்வு மேலாண்மை நிறுவனம் ஆகியவற்றை அணுகும்போது இந்த வாய்மொழிப் பெயர் போதாது. அங்கே எழுத்தில் ஒரு குறிப்பு கேட்பார்கள்.

பழவேற்காட்டுச் சூழல்

சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த பழவேற்காடு, சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது. போர்த்துகீசியர் காலத்து மகிமை மாதா ஆலயத் திருவிழா, பள்ளிவாசல் நிகழ்ச்சிகள், குப்பங்களின் அம்மன் திருவிழாக்கள், திருமணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என நிகழ்வுகளுக்குக் குறைவில்லை. எல்லைக்கு அப்பால் சூளூர்பேட்டையை மையமாக வைத்து ஆந்திர அரசு ஃபிளமிங்கோ விழா நடத்துகிறது. பூநாரைகள் வந்து தங்கும் குளிர்காலத்தில் சுற்றுலா, சூழலியல் நிறுவனங்களின் வேலைகளும் கிடைக்கும்.

இந்த ஊர்க்காரரிடம் வெளியூர்க் கலைஞருக்கு இல்லாத அறிவு இருக்கிறது. முகத்துவாரம் எப்போது திறக்கும், எப்போது மணல் மூடும் என்பதும், எந்த நேரத்தில் படகு தரைதட்டும் என்பதும் அவருக்குத் தெரியும். மீன்பிடி இடங்களைத் தலைக்கட்டுகளுக்கு முறைவைத்துப் பகிரும் பாடு முறைப்படி இன்று யார் எங்கே வலை இடுவார்கள் என்பதும் தெரியும். ஆவணப்பட வேலைக்கு இவை தொழில்திறன்கள். ஆனால் பெரும்பாலானோர் குறிப்பில் கேமராவின் பெயரை எழுதுகிறார்களே தவிர இவற்றை எழுதுவதில்லை. அந்த வழக்கம் மாற வேண்டும்.

குறிப்பின் உறுப்புகள்

தலைப்பகுதி: பெயர், தொழிற்பெயர், ஊர், கைபேசி எண், மின்னஞ்சல், படத்தொகுப்பின் இணைப்பு ஆகியவை போதும். தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை, கடைசியில் வரும் உறுதிமொழி ஆகியவை பழைய பயோடேட்டா வழக்கங்கள். தனித்தொழில் வாய்ப்புக்கு இவை தேவையில்லை.

அறிமுகம்: இரண்டு மூன்று வரிகள். எந்த வகை நிகழ்வு, எந்தப் பகுதி, எந்தெந்த மொழிகள் என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். தமிழும் தெலுங்கும் பேசத் தெரிந்தால் எல்லையோர வேலைகளுக்கு அது பெரிய பலம்.

பணி அனுபவம்: குறிப்பின் உயிர் இப்பகுதியில்தான் இருக்கிறது. “திருமணம், திருவிழா உள்ளிட்ட அனைத்து நிகழ்ச்சிகளும் சிறந்த முறையில் படமெடுத்துத் தரப்படும்” என்பது கடை விளம்பரப் பலகையின் வாசகம். அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. அதே வேலையை மாதிரிக்கு இப்படி எழுதலாம்: “மே 2024, ஊர்த் தேர்த் திருவிழா, பழவேற்காடு. இரவு ஊர்வலம் முழுவதும் ஃபிளாஷ் இல்லாமல். ஒருவராகப் பணி. தேர்ந்தெடுத்த 180 படங்கள் இரண்டு நாளில் ஒப்படைப்பு.” காலம், இடம், சூழலின் கடினம், பொறுப்பு, ஒப்படைப்பு ஆகிய ஐந்தும் இதில் இருக்கின்றன. மற்றொரு ஸ்டுடியோவுக்கு உதவியாளராகச் சென்றிருந்தால் உதவியாளர் என்றே எழுத வேண்டும். லைட் பிடித்த கல்யாணத்தைத் தான் எடுத்ததாகக் காட்டினால், ஸ்டுடியோவுக்கு ஒரு போன் போட்டாலே உண்மை தெரிந்துவிடும்.

திறனும் கருவியும்: கேண்டிட், டிரடிஷனல், வீடியோ, எடிட்டிங், ஆல்பம் வடிவமைப்பு ஆகியவற்றில் எது சொந்தமாகச் செய்வது, எது வெளியே கொடுத்துச் செய்வது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சொந்தக் கேமரா எது, வாடகைக்கு எடுப்பது எது என்பதையும் மறைக்கக் கூடாது. இரண்டாவது கேமரா, நீர்புகாப் பை, படங்களை இரண்டு இடங்களில் சேமிக்கும் ஏற்பாடு ஆகியவற்றை உப்புக்காற்றிலும் படகிலும் வேலை செய்பவர் தவறாமல் குறிப்பிட வேண்டும்.

ஒரு சான்று

மதுரைப் பகுதியில் மீன் விற்ற தாயின் மகனான எம். பழனி குமார், பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி என்ற ஊரக இந்திய ஆவணக் களஞ்சியத்தில் ஒளிப்படக் கலைஞர். வடசென்னைக் கடலோரத்தில் ஆற்றில் கையால் இறால் பிடிக்கும் பெண்களின் வாழ்க்கையையும் பதிவு செய்தவர். பாரி வெளியிடும் அவருடைய அறிமுகம் மிகச் சிறியது. தற்போதைய பணி, உழைக்கும் பெண்களையும் விளிம்புநிலை மக்களையும் பதிவு செய்யும் ஈடுபாடு, 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெற்ற நல்கைகள், 2022இல் பெற்ற முதல் தயாநிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருது, ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவு என அனைத்தும் ஒரு பத்தியில் அடங்கிவிடுகின்றன. தன்னைப் பற்றிய புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லாமல் எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

படத்தொகுப்பும் உரிமையும்

குறிப்புடன் 15 முதல் 20 படங்கள் கொண்ட தொகுப்பை இணைப்பது நல்லது. ஒரே மேடையில் ஒரே கோணத்தில் எடுத்த பத்துப் படங்களைவிட, ஒரு நிகழ்வின் தொடக்கம், கூட்டம், முகம், சடங்கின் உச்சம், முடிவு என ஐந்து படங்கள் அதிகம் சொல்லும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவரே முதல் உரிமையாளர். அதாவது, கல்யாண வீட்டார் பணம் கொடுத்து எடுக்கவைத்த படத்தைக் கலைஞர் தம் தொகுப்பில் சேர்க்க, முன்பணம் வாங்கும்போதே அதற்கான அனுமதியை எழுதிப் பெற்றிருக்க வேண்டும். ரசீதின் அடியில் ஒரே ஒரு வரி இருந்தாலும் போதும். மஞ்சள் நீராட்டு போன்ற விழாப் படங்களைப் பெற்றோரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் வெளியிடவே கூடாது. சிற்றூரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு சிறுமியின் படம் கைமாறினால் அவள் குடும்பம் படும் வேதனைக்கு ஈடு கட்ட முடியாது.

அனுமதியும் பாதுகாப்பும்

ஏரியின் பகுதிகள் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் ஒளிப்படம் எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். பழவேற்காட்டில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அங்கே வணிகப் படப்பிடிப்புக்கு முன்கூட்டியே கேட்டாக வேண்டும். ட்ரோன் விதிகள் 2021இன்படி சிவப்பு மண்டலத்தில் பறக்கவிட மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அருகில் இருப்பதால், ட்ரோன் காட்சி தருவதாகக் குறிப்பில் எழுதுவதற்கு முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். படகில் எடுக்கும் படங்களைத் தம் சிறப்பாகச் சொல்லிக்கொள்பவர், உயிர்காப்பு உடையும் ஆள் எண்ணிக்கை வரம்பும் தம் நிபந்தனைகள் என்பதைக் குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

வடிவமும் அனுப்பும் முறையும்

குறிப்பைப் பிடிஎஃப் கோப்பாக, இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் அனுப்புவது வழக்கம். தமிழில் எழுதுவோர் யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்த வேண்டும். ஃப்ளெக்ஸ் பேனருக்குப் பழகிய பாமினி போன்ற எழுத்துருவில் அனுப்பிய கோப்பில் அந்த எழுத்துரு உட்பொதியப்படவில்லை என்றால், அது இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். கல்யாண வேலைக்கு ஒன்று, நிறுவன வேலைக்கு ஒன்று என இரண்டு வடிவங்கள் வைத்திருப்பது நல்லது. நிறுவனங்கள் பான் எண்ணும் வங்கி விவரமும் கேட்கும். அவற்றை வேலை உறுதியான பிறகு தனியே கொடுக்க வேண்டும். சிறுதொழில் செய்வோர் கட்டணமின்றிப் பெறக்கூடிய உத்யம் பதிவுச் சான்று இருந்தால் அதையும் சேர்க்கலாம். ஒவ்வொரு திருவிழாக் காலமும் முடிந்ததும் புதிய வேலைகளைச் சேர்த்து, பழைய எளிய வேலைகளை நீக்கினால் குறிப்பு எப்போதும் அனுப்பத் தயாராக இருக்கும்.

முக்கியத்துவம்

பழவேற்காட்டைப் பற்றிய படங்களில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்து போவோர் எடுத்தவை. பூநாரையும் சூரிய உதயமும் அவற்றில் நிறைய இருக்கும். ஊர்க் கூட்டமும் பாடு முறைக்குச் சீட்டெடுக்கும் நாளும் கல்யாண வீட்டுச் சமையலும் அபூர்வம். அவற்றை எடுக்கக்கூடியவர்கள் அந்தக் குப்பங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களைத் தேடும் நிறுவனத்துக்கு அவர்களின் பெயரும் திறனும் எழுத்தில் கிடைத்தால் வேலையும் நியாயமான கூலியும் ஊருக்குள் வரும். அதற்கு முதல் படி, செய்த வேலையை உள்ளபடி எழுதிய இரண்டு பக்கங்கள்.