பறவைநாகமும் படைச்சம்பளமும்

வரலாறு வேறு வகையில் நிகழ்ந்திருப்பின் யாதாகியிருக்கும் என்னும் வினாவிலிருந்து பிறக்கும் புனைகதைகள் மேனாட்டில் தனியோர் இலக்கிய வகையாகவே வளர்ந்துள்ளன. அமெரிக்க எழுத்தாளர் நவோமி நோவிக் 2006 முதல் 2016 வரை வெளியிட்ட ‘டெமரேர்’ நாவல் வரிசை அவ்வகையினது. நெப்போலியன் காலத்துப் போர்களிற் பறவைநாகங்கள் படையாகப் பொருதுகின்றன. அவை சிந்திப்பன, பேசுவன. ஈற்றில் தம் உழைப்புக்குச் சம்பளமும் உரிமையும் கோருவன. அக்கற்பனையில் மெய்ம்மைக்கு மிக அண்மையது நெருப்பன்று, சம்பளமே. அதற்குச் சற்று முந்திய புரட்சிப் போர்க்காலத்திற் கொழும்பின் விதியைத் தீர்மானித்தவற்றுள் படைச்சம்பளமும் ஒன்றாகும்.

1795 இல் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஒல்லாந்தைக் கைப்பற்றின. இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்ற ஐந்தாம் வில்லியம், ஒல்லாந்தரின் குடியேற்றங்கள் ஆங்கிலப் படையை ஏற்குமாறு கடிதம் விடுத்தார். எனினும் கொழும்பு பணியவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் திருகோணமலையும் செப்டெம்பரில் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன.

கொழும்பில் ஒல்லாந்தர் நம்பியிருந்த படைகளுள் ஒன்று, 1781 இல் திரட்டப்பட்ட டி மியூரன் என்னும் சுவிற்சர்லாந்துக் கூலிப்படை. சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த ஹியூ கிளெக்கோன், 1795 மார்ச்சில் அதன் உரிமையாளரை நியூசாற்றெல் நகரிற் கண்டு உடன்படிக்கை செய்தார். கம்பனி செலுத்தாத சம்பள நிலுவையை ஆங்கிலேயர் ஏற்பர், படை கைமாறும். இச்செய்தி பாலாடைக்கட்டியொன்றினுள் ஒளித்துக் கோட்டைக்குள் அனுப்பப்பட்டதென்று ஒரு கதையும் வழங்குகிறது. ஆண்டின் பிற்பகுதியிற் படை விலகிற்று.

1796 பெப்ரவரியில் நீர்கொழும்பு வழியாக வந்த ஆங்கிலேயரை முகத்துவாரத்தருகே எதிர்த்துப் பொருதோர் மலாய்ப் படையினர். அம்முயற்சி தோற்றது. பெப்ரவரி 15 இல் சரணடைவு உடன்பாடாயிற்று. முற்றுகைப் பீரங்கி முழங்காமலே கோட்டை கைமாறியது. தேசாதிபதி வான் அங்கெல்பெக் துரோகியெனப் பழிக்கப்பட்டார்.

தோல்விக்கு அசாதாரணமானதொரு காரணத்தைத் தேடுவது மனித இயல்பு. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கொழும்பில் இறங்கிய போர்த்துக்கேயரைக் கல்லைத் தின்று குருதி பருகுவோராகவே இராசாவலிய நூல் சித்திரிக்கிறது. அக்கல் அவர்தம் பாண். அக்குருதி அவர்தம் மது. பூதமாயினும் துரோகியாயினும், இத்தகைய காரணங்கள் கணக்கேட்டை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன. நியூசாற்றெலில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் இத்தீவின் மக்கள் எவரும் ஒரு தரப்பினரல்லர். கற்பனை நாகங்கள் கேட்டுப் பெற்ற உரிமையைக் கேட்கும் வாய்ப்புக்கூட அவர்களுக்கு வாய்க்கவில்லை.

கொட்டாஞ்சேனை மேட்டில் 1757 இல் நிறைவுற்ற ஒல்லாந்தர் தேவாலயம் ‘வுல்வெண்டால்’ எனப்படும். ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். இலங்கையில் ஓநாய் இல்லை. அங்கு திரிந்த நரிகளையே அவ்வாறு அழைத்தனர் என்பர். பெயரிலுள்ள ஓநாயை விலக்கி மெய்யான நரியைக் காண்பதே வரலாற்று மாணவனின் கடமையாகும்.