விரிசலைக் காட்டுகிறோம், ஏமாந்ததை மறைக்கிறோம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஏதாவது ஒரு செல்போன் ரிப்பேர்க் கடை முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். போனை நீட்டுகிறவர் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. “பஸ்ல ஏறும்போது விழுந்துட்டு அண்ணாச்சி”, “மழையில நனைஞ்சுட்டு”, “பிள்ள தூக்கிப் போட்டுட்டான்” என்று நாலு பேர் கேட்கத்தான் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவரும் தன் போன் விழுந்த கதையைச் சேர்த்துக்கொள்வார். திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான சந்தை இது. தமிழும் மலையாளமும் கலந்தே பேரம் நடக்கும்.

அதே போனில் வந்த ஓர் அழைப்பை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்தவர் மட்டும் வீட்டாரிடம்கூட வாய் திறக்கத் தயங்குகிறார். போன் உடைவது, போன் வழியாக ஏமாறுவது என்ற இரண்டு தொல்லைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இந்தத் தயக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை தெரிகிறது.

இழப்பின் எல்லை

உடைந்த போனின் நஷ்டத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரிஜினல் டிஸ்ப்ளே ஒரு விலை, காப்பி ஒரு விலை. காப்பி போட்டால் வெயிலில் மங்கும், டச் சரியாக நிற்காது என்று கடைக்காரரே சொல்லிவிடுவார். ‘போர்டு போச்சு’ என்றால்தான் பெரிய இடி. அதுவும் ஒரு புதுப் போனின் விலையோடு நின்றுவிடும். வேலை சரியில்லை என்றால் அதே கடை வாசலில் நின்று சண்டை போடலாம். கையில் பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

ஏமாற்றில் போனுக்கு ஒரு கீறலும் விழாது. ஆனால் கணக்கில் இருப்பது எவ்வளவோ அவ்வளவும் போகலாம். கேரளத்தில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 2024 டிசம்பரில் ஆன்லைன் பங்கு வர்த்தக மோசடியில் 90 லட்சம் ரூபாய் இழந்தார். படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்ற பேச்சுக்கு இதற்குமேல் மறுப்பு வேண்டியதில்லை. சண்டை போட இங்கே கடை வாசலும் இல்லை. அழைத்தவரின் ஊர் தெரியாது, பெயர் பொய், எண்ணும் நாளை உயிரோடு இருக்காது.

அவசரமும் நிதானமும்

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு நேரக் கணக்கில் இருக்கிறது. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் நனைந்த போனைக் கொல்வது பெரும்பாலும் நம் அவசரம்தான். வேலை செய்கிறதா என்று ஆன் செய்வோம், சார்ஜரில் செருகுவோம். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து போர்டு கெடும். அணைத்து வைத்து, அப்படியே கடைக்குக் கொண்டுபோவதுதான் சரி. அரிசிப் பானைக்குள் புதைப்பதும் பயன் தராது. நுண்துகள் உள்ளே போய்க் கேடு செய்யும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

மோசடியில் இந்தக் கணக்கு நடுவழியில் தலைகீழாகிறது. பணம் கைமாறும்வரை நிதானம் நம் பக்கம், அவசரம் ஏமாற்றுகிறவன் பக்கம். ‘இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும்’, ‘உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல்’ என்று அவன் விரட்டுவது நாம் யோசிக்கக் கூடாது என்பதற்காகத்தான். ‘டிஜிட்டல் கைது’ என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

பணம் போன மறுநிமிடமே அவசரம் நம்முடையதாகிவிட வேண்டும். போன பணம் முதல் கணக்கிலேயே தங்குவதில்லை. வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகத் துண்டு துண்டாகப் பிரிந்து ஓடும். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்தால், போலீசும் வங்கிகளும் சேர்ந்து அந்த ஓட்டத்தை வழியிலேயே முடக்கப் பார்ப்பார்கள்.

2023 ஜூலையில் கோழிக்கோட்டில் நடந்தது இதற்குச் சாட்சி. பழைய சக ஊழியரின் முகத்தைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி வாட்ஸாப் வீடியோ அழைப்பில் காட்டி, அறுவைச் சிகிச்சைக்கு என்று ஒருவரிடம் 40,000 ரூபாய் வாங்கினார்கள். மறுபடியும் கேட்டபோது அவருக்குச் சந்தேகம் தட்டியது. நண்பரின் பழைய எண்ணுக்கே அழைத்துக் கேட்டார், குட்டு உடைந்தது. தயங்காமல் புகார் கொடுத்தார். பணம் போய்ச் சேர்ந்த கணக்கைப் போலீசார் முடக்கினார்கள், பணமும் மீண்டது.

யார் குற்றம்?

பிறகு ஏன் தயங்குகிறோம்? ஏமாந்தது நம் குற்றம் என்று நினைப்பதால்தான். 2016 ஆகஸ்டில் திருவனந்தபுரம் வெள்ளையம்பலம் பக்கம் ஒரு ஏடிஎம்மில் ருமேனியர்கள் கருவி பொருத்தி அட்டை விவரங்களைத் திருடினார்கள். மும்பையில் பணம் எடுக்கப்பட்டது. பறிகொடுத்தவர்களை யாரும் ‘முட்டாள்’ என்று சொல்லவில்லை. அவர்கள் வழக்கம்போல் பணம் எடுக்கத்தான் போனார்கள். ஓடிபி-யை வாயால் சொன்னவரிடம் மட்டும் ‘நீயாத்தானே கொடுத்தே’ என்கிறோம்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையும் இந்த இருவரைப் பிரித்தே பார்த்தது. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்றது. ரகசிய எண்ணைப் பகிர்ந்தவர் நஷ்டத்தைத் தானே ஏற்க வேண்டும். ஆனால் அதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. ஆகவே தவறு நம்முடையதாகவே இருந்தாலும், சொல்லிவிடுவதற்கு விதியிலேயே மதிப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைத்த ஒவ்வொரு மணி நேரமும் நம் கணக்கிலேயே எழுதப்படுகிறது.

இரண்டும் கைகோக்கும் இடம்

ரிப்பேர்க் கடையில் போனோடு லாக்கையும் சொல்லிவிட்டு வருகிறோமே, அங்கே இரண்டு தொல்லைகளும் ஒன்றாகின்றன. திறந்த போன் திறந்த வீடு மாதிரி. சிம்மைக் கழற்றிக்கொள்வது, வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறுவது, வசதி இருந்தால் ரிப்பேர் மோடைப் போடுவது, இவ்வளவும் ஐந்து நிமிட வேலை. போன் தொலைந்தாலும் இதே கவலைதான். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை முன்பே குறித்து வைத்திருந்தால், போலீஸ் புகாரோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தப் போனை முடக்கிவிடலாம்.

ரிப்பேர்க்காரர் கேட்பது இரண்டே கேள்வி: எப்ப விழுந்தது, தண்ணி பட்டதா? 1930-இல் சொல்ல வேண்டியதும் ஏறக்குறைய அவ்வளவுதான்: எப்போது போனது, எவ்வளவு, எந்த வங்கி, பரிவர்த்தனை எண் என்ன. ஏன் விழவிட்டாய் என்று யாரும் கேட்காமலே டிஸ்ப்ளே மாற்றுகிறோம். ‘விழுந்துட்டு அண்ணாச்சி’ என்று சொல்லும் அதே குரலில் ‘ஏமாந்துட்டேன்’ என்றும் சொல்லப் பழகிக்கொண்டால், போன பணத்தில் கொஞ்சமாவது வழியிலேயே நிற்கும்.