சதுப்பும் ஏரியும்: பழனிமலை நீர்நிலைகளின் மீட்பு வரலாறு

பழனிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் அமைந்துள்ள பாலசமுத்திரம், பழனிப் பாளையக்காரர்கள் வாழ்ந்த ஊர் என்னும் சிறப்புடையது. சமுத்திரம் என்னும் ஈறு பெற்ற ஊர்ப்பெயர்கள் பலவும் பேரேரிகளோடு தொடர்புடையவை என்பர் ஊர்ப்பெயராய்வாளர். இவ்வூரை அடுத்துப் பாலாறு, பொருந்தலாறு ஆகிய இரண்டின் நீரையும் தேக்கும் அணை 1970களில் எழுந்தது. இவ்விரு ஆறுகளும் சண்முகநதியாய்ச் சென்று அமராவதியிற் கலக்கின்றன. மழை ஓய்ந்த பின்னரும் மலையிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருந்தது எவ்வாறு என்னும் வினாவுக்கு விடை தேடுவோர், அணையைவிட்டு மேலே ஏறித்தான் ஆகவேண்டும்.

சங்கப் புலவர் பொதினி என்று போற்றியதும், பேகனுக்குரியதுமான இம்மலையின் உச்சிப்பகுதி அடர்காடு மட்டுமன்று. மடிப்புகளில் சோலை, முகடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி, தாழ்விடங்களில் ஊற்று நீர் தேங்கிய சதுப்பு என்பதே அதன் பழைய தோற்றம். புல்லின் வேர்ப்பரப்பும் சதுப்பின் கரிய மண்ணும் மழைநீரைப் பஞ்சுபோல் வாங்கி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் சிறுகச் சிறுக வெளியிடும். இந்த மெதுவான கசிவே ஊற்று; ஊற்றுகளின் தொகுதியே ஆறு.

1821இல் வார்டு என்னும் நில அளவையாளர் இம்மலையை ஆராய்ந்தார். 1836இல் தாவரவியலறிஞர் இராபர்ட் வைட் இங்கு வந்து செடிகொடிகளைத் திரட்டினார். 1845இல் அமெரிக்கச் சமயத் தொண்டர் கோடைக்கானலில் வீடு கட்டினர். 1863இல் மதுரை மாவட்ட ஆட்சியராய் இருந்த சர் வெரே ஹென்றி லெவிஞ்சு, ஊற்றுகளும் ஓடைகளும் வந்து சேர்ந்த சதுப்பு ஒன்றின் குறுக்கே கரை எழுப்பினார். இன்று சுற்றுலாப் பயணியர் படகு விடும் கோடைக்கானல் ஏரி இவ்வாறு பிறந்தது. அதனை இயற்கை ஏரி என்று கருதுவோர் இன்றும் மிகப் பலர்.

பேரிஜம் ஏரியின் கதை இன்னும் சுவையானது. 1860களில் அவ்விடத்தைக் கண்ட படைத்துறை அதிகாரி டக்ளஸ் ஹாமில்டன், அகன்று கிடந்த சதுப்பைப் பழங்காலத்து ஏரி ஒன்றின் எச்சமாகக் கொண்டார். கரையமைத்தால் ஏரி மீளும் என்றும் எண்ணினார். அவ்வாறே பின்னர்க் கரையும் மதகும் அமைந்தன. பெரியகுளம் நகருக்குக் குடிநீர் தரும் அவ்வேரியைப் பயனற்றது என்று எவரும் சொல்லார். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அன்றைய கண்ணுக்குச் சதுப்பு என்பது குறைபட்ட ஏரி. அதனை நிரப்புவதே மீட்பு. அச்சதுப்பையே வாழிடமாகக் கொண்ட சிற்றுயிர்கள் பற்றி அக்காலத்தார் எவரும் கவலை கொண்டதாகத் தெரியவில்லை.

புல்வெளிக்கு நேர்ந்தது இதனினும் கொடியது. அதனைத் தரிசு என்று கணக்கில் எழுதியமையே கேட்டுக்குத் தொடக்கம். 19ஆம் நூற்றாண்டிலேயே யூகலிப்டசும் சீகையும் இம்மலையில் கால்கொண்டன. விடுதலைக்குப் பின்னர், தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளுக்குரிய மரக்கூழுக்காகவும் பெரும்பரப்பில் நடப்பட்டன. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு, பழனிமலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று காட்டியது. 12 ஆண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சிக்கும், வரையாட்டுக்கும் உரிய இடம் அதுவே. கபிலரைப் படிப்பிக்கும் வகுப்பறைகளில் இச்செய்தியும் சொல்லப்படுதல் வேண்டும்.

ஊற்று போனால் ஏரி என்னாகும் என்பதற்கு மெக்சிகோ நாட்டுச் சோச்சிமில்கோ சான்று. அதன் ஊற்றுகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைநகரின் குடிநீருக்காகத் திருப்பினர். கால்வாய்களில் பின்னர்ச் சுத்திகரித்த கழிவுநீர் பாய்ந்தது. வேற்றிட மீன்களும் விடப்பட்டன. அவ்விடத்துக்கே உரிய ஆக்சலாட்டல் என்னும் நீர்வாழ் உயிரி, 1998இல் சதுர கிலோமீட்டருக்கு 6000 எனக் கணக்கிடப்பட்டது. 2014இல் அது 36 ஆகக் குறைந்தது. நீர்ப்பரப்பு கண்ணுக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தது.

பழனிமலையில் விழிப்பு 1980களில் தோன்றியது. 1985இல் பழனிமலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. திருச்சிராப்பள்ளி இராபினாட் உலர்தாவரக் காப்பகத்தைச் சார்ந்த அருட்தந்தை கே.எம். மேத்யூவின் பழனிமலைத் தாவரத் தொகுதி 1999இல் வெளிவந்தது. மீட்க வேண்டியவை எவை என்பதற்கு அது பெயர்ப்பட்டியல் தந்தது. வட்டக்கானலில் இயங்கிய பாதுகாப்பு அறக்கட்டளை, சோலை மரங்களுக்கு நாற்றங்கால் அமைத்தது. உருத்திராக்க இனத்தைச் சார்ந்ததும், பிரெஞ்சு அறிஞர் பிளாஸ்கோவின் பெயர் தாங்கியதுமான மரம் ஒன்று இம்மலைக்கே உரியது. நெடுங்காலம் அதில் ஒரே ஒரு மரம் மட்டுமே அறியப்பட்டிருந்தது. பழனியாண்டவன் மலையில் உருத்திராக்கத்தின் உறவு இவ்வாறு தனித்து நின்றமை எவரையும் வருத்தும். இத்தகைய அரிய மரங்களின் கன்றுகளை வளர்த்து நடுவது நாற்றங்கால்களின் தலையாய பணியாயிற்று.

இப்பணியில் கருத்து வேறுபாடும் எழுந்தது. அயல்மரங்களை வெட்டி அகற்றுக என்றனர் ஒரு சாரார். அவற்றின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமே முளைத்து வருதலைக் கண்ட மற்றொரு சாரார், எல்லா இடத்தும் வெட்டுதல் தகாது என்றனர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. சோலை நிழலில் மீளும், புல் மீளாது. நிழல்பட்ட இடத்தில் புல்லுக்கு வாழ்வில்லை. வெட்டிய இடத்திலோ, மண்ணில் உறங்கிய சீகை விதை முந்திக்கொண்டு முளைக்கும். ஆகவே புல்வெளியை மீட்போர் சீகை நாற்றை ஆண்டுதோறும் கையாற் பிடுங்கியும், இயற்புல்லைத் தூர் தூராக நட்டுமே முன்னேற வேண்டியுள்ளது.

2013இல் கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்கள் குறித்த கொள்கையை வெளியிட்டது. 2018இல் பூத்த குறிஞ்சி 2030இல் மீண்டும் பூக்கவேண்டும். இடைப்பட்ட இவ்வாண்டுகளில் எத்தனைச் சரிவுகளில் சீகை அகன்று புல் வேரூன்றியது என்பதை அப்பூவே காட்டும். எத்தனை ஊற்று மீண்டது என்பதைக் கோடையில் பாலாற்றில் இறங்கி வரும் நீரைக்கொண்டு பாலசமுத்திரத்து உழவர் அறிவர்.