குயில் குன்று கம்பத்துக்கு வந்த கதை

ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகருக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அங்கே வழங்கிய பழைய மொழியில் அதன் பெயருக்குக் 'குயிலின் குன்று' என்று பொருள் சொல்வார்கள். அந்த நிலத்துக்கு உரிமை பெற்ற குடும்பம் ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. தலைமுறைகள் கடந்து, பட்டாளத்து உடுப்போடு அந்தப் பெயர் இந்தியாவுக்குக் கப்பலேறியது.

1849 ஜனவரி 13. பஞ்சாபில் சிலியன்வாலா போர். பிரிகேடியர் தந்தையும் பதினேழு வயது மகனும் ஒரே நாளில் ஒரே களத்தில் மாண்டார்கள். புனேயில் பிறந்த தம்பி ஒருவன் இருந்தான். இரண்டு நாள் கழித்து அவனுக்கு எட்டு வயது நிறைந்தது.

அவன் வளர்ந்து பொறியாளராகி மதராஸ் மாகாணத்துக்கு வந்தான். அங்கே பழைய கனவு ஒன்று கிடந்தது. மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றை வறண்ட கிழக்குக்குத் திருப்ப முடியுமா என்று பார்க்க, 1789-லேயே ராமநாதபுரத்து அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பியிருந்தார். முடியும் என்றார்கள்; பணம்தான் இல்லை. 1808-ல் ஆராய்ந்த ஆங்கிலேய அதிகாரியோ வீண்கனவு என்று ஒதுக்கிவிட்டார்.

1876-ல் தொடங்கிய தாதுவருஷப் பஞ்சம் அந்தக் கோப்பை மறுபடி திறக்க வைத்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாக, மறு ஆண்டு அந்தப் பொறியாளரின் தலைமையில் வேலை தொடங்கியது. யானைக்காடு, மலைக்காய்ச்சல், விடாத மழை. தண்ணீரைத் தடுக்கப் போட்ட தற்காலிக அணைகளை வெள்ளம் அடித்துப் போனது. மீண்டும் கட்டினார்கள், மீண்டும் போனது. நோயில் மடிந்த கூலியாட்கள் நூற்றுக்கணக்கில். அவர்களில் பெரும்பாலோர் பெயரை இன்று யாரும் அறியார். இந்தக் கதையில் மனத்தை அறுக்கும் இடம் அதுதான்.

1895 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறந்தது. மலையைக் குடைந்த ஒரு மைலுக்கும் மேற்பட்ட சுரங்கம் வழியே தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. மழையை நம்பிக் கிடந்த பூமி இருபோகம் கண்டது. 1911-ல் பொறியாளர் இங்கிலாந்தில் இறந்தார். அவர் பெயரின் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் கூடலூர், கம்பம், பாலார்பட்டி வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அவர் படம் ஏறியது. தை பிறக்கும் நாளை ஒட்டி வரும் அவர் பிறந்தநாளில் பொங்கல் வைத்தார்கள். பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரைச் சூட்டினார்கள்: பென்னிகுயிக்.

தமிழ் நாவில் ஏறியபோது, பெயருக்குள் ஒளிந்திருந்த குயில் எழுத்திலேயே எட்டிப்பார்த்தது. 2013-ல் லோயர்கேம்பில் மணிமண்டபம் எழுந்தது. தேனிப் பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். ஸ்காட்லாந்தில் குடும்பம் முழுவதற்கும் பொதுவாக இருந்தது, இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தப் பெயர். முன்னால் அப்பாவின் இன்ஷியல் நிற்கிறது. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு இன்ஷியல் 'பெ.'